காலர்டு கீரை: ஆடியில் விதை, பனி விழுந்தபின் பறி

காலர்டு கீரையைச் சமைத்துப் பார்த்தவர்கள் சொல்லும் குறை இரண்டு: கசக்கிறது, எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் நார்நாராகவே நிற்கிறது. மே மாதம் நட்டு ஆகஸ்ட் வெயிலில் பறித்த இலை அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக இதை வளர்ப்பவர்கள் கோடையின் பின்பகுதியில் விதைத்து, உறைபனி ஒன்றிரண்டு விழுந்த பிறகே பெரிய பறிப்புக்குப் போகிறார்கள். இலை மென்மையாக இருப்பதும் இனிப்பதும் பாதிக்கு மேல் அந்தக் காலக் கணக்கிலேயே முடிவாகிவிடும். மீதி, பானையில் எதை எப்போது போடுகிறோம் என்பதில்.

கீழே இருப்பது வட கரோலினாவின் பீட்மாண்ட் பகுதிக்கான கணக்கு: ராலே, டர்ஹம், ஷார்லட் சுற்றுவட்டாரத்துச் செம்மண். பாத்தி 4 அடிக்கு 12 அடி, செடி 16. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது தாராளம்.

எந்த விதை

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, நூல்கோல் எல்லாமே பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனம். அதில் உருண்டை கட்டாமல் இலையாகவே விரியும் வகை காலர்டு. அந்தக் குடும்பத்துக் கீரைக்கு ஆங்கிலத்தில் முன்பு இருந்த 'கோல்வொர்ட்' என்ற பெயர் பேச்சில் தேய்ந்து இப்படி ஆனது. விதைக் கடையில் காஷ்மீரின் ஹாக், போர்ச்சுகலின் கோவே, கென்யாவின் சுகுமா விக்கி என்ற பெயர்களில் கிடைப்பவையும் நெருங்கிய உறவுகள். இங்கே சொல்லும் இடைவெளியும் உரமும் அவற்றுக்கும் பொருந்தும்.

முதல்முறை போடுபவர்கள் 'வேட்ஸ்' வாங்கலாம். குட்டை, குளிர் தாங்கும், சீக்கிரம் பூத்துவிடாது. அதிலிருந்து வர்ஜீனியாவில் தேர்ந்தெடுத்த 'சாம்பியன்' பறித்தபின் வாடாமல் இன்னும் சில நாள் நிற்கும். 'ஜார்ஜியா சதர்ன்' 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் ரகம். மூன்று அடிக்கு எழும்பும், வளம் குறைந்த மண்ணிலும் பிழைக்கும், ஆனால் காற்றில் சாயும். இவற்றையெல்லாம் விட ருசியில் முந்துவது கிழக்கு வட கரோலினாவின் மஞ்சள் 'கேபேஜ் காலர்டு'. இலை வெளிர்மஞ்சள் கலந்த பச்சை, மெல்லியது, கசப்பு குறைவு. வீட்டு விதையாகக் கைமாறி வந்த ரகம் என்பதால் பெரிய விதை நிறுவனங்களில் கிடைப்பது அரிது. அந்தப் பக்கத்து ஏடன் என்ற சிற்றூரில் 1975 முதல் காலர்டு திருவிழாவே நடக்கிறது. பக்கத்து மாநிலமான தென் கரோலினா 2011இல் காலர்டைத் தன் அதிகாரபூர்வ மாநிலக் காய்கறியாக அறிவித்தது. இடம் இருந்தால் 16இல் நான்கு செடியாவது மஞ்சள் ரகம் வையுங்கள்.

ஜூன்: மண்

பீட்மாண்ட் செம்மண் களி அதிகம், புளிப்பும் அதிகம். பி.எச். 5ஐ ஒட்டி இருப்பது சகஜம். காலர்டுக்கு 6.0 முதல் 6.8 வரை வேண்டும். மண் மாதிரியை மாநில வேளாண் துறைக்கு அனுப்பினால் எவ்வளவு சுண்ணாம்பு என்று எழுதித் தருவார்கள். அறிக்கை வரும்வரை தோராயம் வேண்டுமானால், இந்தப் பாத்திக்கு டோலமைட் சுண்ணாம்பு 1.1 கிலோ. நடவன்று போட்டுப் பயனில்லை. சுண்ணாம்பு மண்ணோடு வேலை செய்ய இரண்டு மூன்று மாதமாகும். அதனால்தான் செப்டம்பர் நடவுக்கு ஜூனிலேயே தூவி 15 செ.மீ. ஆழம் கிளறிவிடுவது. கூடவே இரண்டு விரல் கனத்துக்கு மட்கிய கம்போஸ்ட்.

கடந்த இரண்டு மூன்று வருடத்தில் முட்டைக்கோஸ், பிராக்கோலி, கடுகு, முள்ளங்கி இருந்த பாத்தியைத் தவிர்த்துவிடுங்கள். கருப்பு அழுகல் கிருமியும் தெள்ளு வண்டும் அந்தச் செத்தையிலும் மண்ணிலும் காத்திருக்கும். மேலே எவ்வளவு வலை போட்டாலும் அடியிலிருந்து கிளம்பும் பூச்சி வலைக்குள்தான் இருக்கும்.

ஜூலை கடைசி: நாற்று

குழித்தட்டில், குழிக்கு இரண்டு விதை, ஆழம் 6 மி.மீ. மண் 29 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் நான்கைந்து நாளில் முளை தெரியும். 35ஐத் தாண்டினால் முளைப்பு விழும். ஜூலையில் கான்கிரீட் தரையில் வைத்த கறுப்புத் தட்டு மதியத்துக்குள் அதைத் தாண்டிவிடும். தட்டைத் தரையிலிருந்து தூக்கி, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். முளை வந்த அன்றே நிழலை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சம் தேடி நீண்டு, தண்டு நூலாகிவிடும். அது பிறகு தேறாது.

நாற்று தரைமட்டத்தில் கறுத்து, இழை போல மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். மேல்மண் ஓயாமல் ஈரமாக இருப்பதும், பழைய கலவையைத் திரும்பப் பயன்படுத்துவதும்தான் காரணம். காலையில் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, மாலைக்குள் மேற்பரப்பு காய விடுங்கள். முதல் உண்மையிலை வந்ததும் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும்.

செப்டம்பர் தொடக்கம்: நடவு

ஐந்து வாரத்தில் ஐந்தாறு இலை வந்திருக்கும். நடவுக்கு முதல்நாள் 10-10-10 கலப்புரம் (தழை, மணி, சாம்பல் சத்து தலா 10 சதவீதம்) 650 கிராமைப் பாத்தி முழுக்கத் தூவிக் கிளறிவிடுங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு நடுவே 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி, ஒன்றுவிட்டு ஒன்றாக. காலர்டை நெருக்கி நட்டால் இலை சிறுக்கும், காற்று ஓடாது, அடியிலை அழுகும். ஆசைப்பட்டு 20 செடி வைத்தாலும் 16 செடியின் கீரைதான் கிடைக்கும்.

மாலையில் நடுங்கள். முதல் இலைக்காம்பு வரை தண்டை மண்ணுக்குள் இறக்கலாம், சாயாமல் நிற்கும். வெட்டுப்புழு இருக்கும் மண்ணானால், காகிதச் சுருளின் நடு அட்டைக்குழாயை 7 செ.மீ. உயரத்துக்கு நறுக்கி, 2 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி தண்டைச் சுற்றி வையுங்கள். அந்தப் புழு தண்டைச் சுற்றி வளைந்து பிடித்துத்தான் அறுக்கும். வளைய இடம் கொடுக்காவிட்டால் விட்டுவிடும்.

தண்ணீர் வாரத்துக்கு 25 மி.மீ., அதாவது இந்தப் பாத்திக்கு ஏறக்குறைய 110 லிட்டர். மழை பெய்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஒரு வாரம் காயவிட்ட செடியின் இலை தடித்து, காரமும் கசப்பும் ஏறிவிடும். பிறகு ஊற்றினால் புது இலை நன்றாக வரும், அந்த இலை திரும்பாது.

நட்ட மூன்று நான்கு வாரத்தில் மேலுரம்: கால்சியம் நைட்ரேட், செடிக்கு ஒன்றரை டீஸ்பூன், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வளையமாகத் தூவி, உடனே தண்ணீர். குருத்தில் ஒரு உரமணி விழுந்தாலும் கருகும்.

இலையின் நிறம் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கலாம். அடியிலை முழுசாக, சீராக வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை. இலை ஓரத்தில் தொடங்கி நடுநரம்பை நோக்கிக் கூம்பும் 'வி' வடிவ மஞ்சள், உள்ளே கறுத்த நரம்பு என்றால் கருப்பு அழுகல். அதற்கு உரம் மருந்தாகாது. அந்த இலையைக் காய்ந்த நேரம் பார்த்து எடுத்துக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்டில் அல்ல. செடி நனைந்திருக்கும்போது பாத்திக்குள் கை வைத்தால் நீங்களே நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவீர்கள். தண்டை நறுக்கிப் பார்க்கும்போது நடுவில் பொந்து தெரிந்தால், தழைச்சத்து அதிகமாகி மளமளவென்று வளர்ந்திருக்கலாம், அல்லது போரான் என்ற நுண்சத்து குறைவு. போரான் என்று மண் அறிக்கை சொன்னால் மட்டும், ஒன்றரை டீஸ்பூன் போராக்ஸை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாத்தி முழுக்க ஊற்றுங்கள். அளவு மீறினால் அடுத்து அங்கே போடும் பீன்ஸ் கருகும்.

புழு

இதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். கோடைக்கடைசியில் நடுவதற்குக் கொடுக்கும் விலை இது: செப்டம்பரில் வெள்ளை முட்டைக்கோஸ் பட்டாம்பூச்சியும் வைரமுதுகு அந்துப்பூச்சியும் உச்சத்தில் இருக்கும். நட்ட அன்றே வலை போட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் முட்டை ஏற்கெனவே இலையடியில் இருக்கும், வலைக்குள் புழு பாதுகாப்பாக வளரும்.

அரை அங்குல பி.வி.சி. குழாய், 10 அடி நீளத்தில் நான்கு. பாத்தியின் இருபுறமும் நான்கு அடிக்கு ஒன்றாக இரும்புக்கம்பி அடித்து, குழாயை வில்லாக வளைத்து அதில் செருகுங்கள். மேலே 12 அடி அகலம், 22 அடி நீளத்தில் பூச்சிவலை. கண் 1 மி.மீ.க்குள் இருந்தால் தெள்ளு வண்டும் நுழையாது. ஓரத்தை மண்ணால் மூடுங்கள். ஆங்காங்கே கல் வைத்தால் இடைவெளியில் பூச்சி புகும். பனிப்போர்வைத் துணியை இந்த வேலைக்குச் செப்டம்பரில் போடாதீர்கள், உள்ளே சூடு கட்டும். காலர்டுக்கு இலைதான் அறுவடை, மகரந்தச் சேர்க்கை தேவையில்லை, எனவே வலை நவம்பர் வரை அப்படியே கிடக்கலாம்.

வலை போட முடியாதவர்களுக்கு பி.டி. குர்ஸ்டாகி. இது பாக்டீரியா மருந்து, புழு தின்றால்தான் வேலை செய்யும், அதனால் இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். காலர்டு இலை மேல் மெழுகுப்பூச்சு உண்டு. வெறும் கரைசல் முத்துமுத்தாக உருண்டு விழுந்துவிடும். லேபிளில் சொன்ன அளவுக் கரைசலில், 4 லிட்டருக்கு அரை டீஸ்பூன் மென்சோப்புத் திரவம் கலந்தால் படியும். வெயிலில் சீக்கிரம் வீரியம் இழப்பதால் மாலையில் தெளித்து, வாரம் ஒருமுறை திரும்பத் தெளியுங்கள். ஒரு செ.மீ.க்குக் குறைவான புழுவுக்கு நன்றாகக் கேட்கும், தடித்த புழுவுக்குக் கேட்காது. அதைக் கையால் எடுப்பதே வேகம். வைரமுதுகுப் புழு பி.டி.க்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளக்கூடியது. இரண்டு தெளிப்பிலும் அசையாவிட்டால் ஸ்பினோசாடு என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாறுங்கள்.

கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஹார்லிக்வின் நாவாய்ப்பூச்சிக்கு பி.டி. எதுவும் செய்யாது, அது இலையைத் தின்பதில்லை, சாற்றை உறிஞ்சும். அதன் முட்டையை இலையடியில் தேடுங்கள்: கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சின்னஞ்சிறு பீப்பாய்கள், இரண்டு வரிசையாக, பெரும்பாலும் 12. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இலைத்துண்டோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். சாம்பல் பூத்த அசுவினி குருத்தில் கூடினால் வேகமான தண்ணீர்ப் பீச்சு, அடங்காவிட்டால் பூச்சிக்கொல்லி சோப்பு.

நவம்பர் முதல்: பறிப்பு

அக்டோபரிலேயே அடியிலைகளை எடுக்கத் தொடங்கலாம். ஆனால் முதல் உறைபனிக்குப் பிறகுதான் கீரைக்கு அதன் ருசி. குளிர் தொடங்கியதும் செடி உறையாமலிருக்க இலைச்சாற்றில் சர்க்கரையைக் கூட்டுகிறது. வெளிப்படையாகத் தெரியும் வித்தியாசம் அது. நடுநரம்பைக் கடித்தாலே இனிக்கும்.

25 செ.மீ. நீளம் தாண்டிய அடியிலைகளைக் காம்போடு கீழ்நோக்கி ஒடித்தெடுங்கள். உச்சியில் ஐந்தாறு இலையை எப்போதும் விட வேண்டும். செடிக்கு வாரம் இரண்டு மூன்று போதும். இலை விறைத்துக் கிடக்கும் காலையில் தொடாதீர்கள். உறைந்த இலை கண்ணாடித் துண்டாக நொறுங்கும், உருகியதும் கூழாகும். பத்து மணிக்கு வெயில் பட்டு இளகியபின் பறியுங்கள். படிப்படியாகக் குளிருக்குப் பழகிய செடி மைனஸ் 9 டிகிரி வரை தாங்கும். இரண்டு வாரம் இளஞ்சூடாக இருந்துவிட்டு ஒரே இரவில் கீழே இறங்கும்போதுதான் ஆபத்து. அந்த இரவுக்குப் பனிப்போர்வை.

கழுவாமல் ஈரத்துணி சுற்றி ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஆப்பிள் வைத்த பெட்டியில் வைத்தால் அதன் எத்திலீன் வாயுவில் சீக்கிரம் மஞ்சளாகும்.

பானை

கழுவுவது மூன்று தண்ணீர். பெரிய தொட்டியில் முக்கி அலசி, கீரையை மேலாக அள்ளியெடுத்த பிறகு தண்ணீரைக் கொட்டுங்கள். கீரையோடு சாய்த்தால் அடியில் தங்கிய மணல் திரும்ப இலையிலேயே படியும். முதல் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டால் மடிப்பில் ஒளிந்திருக்கும் புழுவும் அசுவினியும் விட்டுப்போகும்.

இந்தக் கீரையை ஒன்று அகலமாக நறுக்கி நேரம் கொடுத்துச் சமைக்க வேண்டும், அல்லது பொடியாக நறுக்கி நிமிடத்தில் எடுக்க வேண்டும். விரற்கடை அகலத்தில் நறுக்கிப் பத்து நிமிடத்தில் இறக்கினால் கசப்பும் நாரும் சேர்ந்து வரும். குறை சொல்பவர்களில் பலர் சாப்பிட்டது அதைத்தான்.

தென் மாநில முறைக்கு ஒரு கிலோ இலை. தண்டை உருவி எடுத்துவிட்டு, எட்டு இலையாக அடுக்கி, சுருட்டி, 2 செ.மீ. அகலத்தில் நறுக்குங்கள். முதலில் புகையூட்டிய பன்றிக் கணுக்கறி ஒன்றையோ, புகையூட்டிய வான்கோழி இறக்கையையோ 2 லிட்டர் தண்ணீரில் ஒரு மணிநேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். சாறு இறங்கிய பிறகு நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல், அரை டீஸ்பூன் கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய். கீரையை மூன்று தவணையாகப் போடுங்கள். ஒன்று வதங்கி அடங்கினால்தான் அடுத்ததற்கு இடம். பனிக்குப் பின் பறித்த இலைக்கு 45 நிமிடம், முற்றிய இலைக்கு ஒன்றரை மணி. உப்பு கடைசியில், கறியிலேயே உப்பு நிறைய இருக்கும்.

ஆப்பிள் சைடர் வினிகர் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி, அடுப்பை அணைத்த பிறகு மட்டும். முதலிலேயே ஊற்றினால் அமிலம் இலையின் செல்சுவரை இறுக்கிவிடும். வேகும் நேரம் கூடும், நிறமும் சீக்கிரம் பழுப்பாகும். பச்சை நிறத்துக்காகச் சமையல் சோடா போடுபவர்கள் உண்டு. நிறம் நிற்கும், கீரை குழைந்து கொழகொழவென்றாகும், வைட்டமின் சியும் போகும். வேண்டாம்.

சைவத்தில் செய்ய, வெங்காயத்தை எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, புகைமிளகாய்த் தூள் இரண்டு டீஸ்பூனும் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியும் சேருங்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும். பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறியபின் 12 நிமிடம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. கந்தக வாடை உள்ளேயே அடங்கிவிடும் என்பதால், திறந்த பிறகு ஐந்து நிமிடம் மூடாமல் கொதிக்க விடுங்கள்.

பானையில் நிற்கும் சாறுதான் 'பாட்லிக்கர்'. கீரையில் கரையும் வைட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் எல்லாம் அதில் இறங்கியிருக்கும், கொட்டிவிடாதீர்கள். சோள ரொட்டியோடு குடிப்பார்கள். ரொட்டியைத் தோய்ப்பதா, உதிர்த்துப் போடுவதா என்று 1931இல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங்கும் அட்லாண்டா பத்திரிகையாசிரியர் ஜூலியன் ஹாரிஸும் நாடறிய வாதாடினார்கள். வட கரோலினாவின் ராப்சன் கவுண்டியில் லம்பி பழங்குடியினர் செய்வது இன்னொரு விதம்: பொரித்த சோள ரொட்டி இரண்டுக்கு நடுவே காலர்டும் பொரித்த கொழுப்பிறைச்சியும் வைத்த சாண்ட்விச். சாறு வடியப் பிழிந்த கீரையானால்தான் அது கையில் நிற்கும்.

பொடியாக நறுக்கும் முறையில் பிரேசில்காரர்களை மிஞ்ச ஆளில்லை. சுருட்டிய இலையை 2 மி.மீ. இழையாக அரிந்து, சூடான எண்ணெயில் பூண்டோடு மூன்று நிமிடம். நம் பொரியலும் யாழ்ப்பாணத்து வறையும் இதே அரிவில்தான் நன்றாக வரும். தேங்காய்த் துருவலைக் கடைசி நிமிடத்தில் சேர்த்து இறக்குங்கள்.

இதில் சுண்ணாம்புச்சத்து நிறைய, பசலையைப் போல ஆக்ஸலேட் அதை உடம்பில் சேரவிடாமல் தடுப்பதும் இல்லை. ஆனால் வைட்டமின் கே மிக அதிகம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டு, ஒவ்வொரு வாரமும் ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சினால் உறையவிடலாம். அரைக் கிலோவுக்கு ஏழரை லிட்டர் கொதிநீர், சரியாக 3 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், பிழிந்து பையில். கொதிநீரில் போடாமல் உறையவைத்தால் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் நிறமும் மணமும் கெடும்.

மார்ச்: பூ, விதை

காலர்டு இரண்டு பருவச் செடி. பென்சிலைவிடத் தடித்த தண்டு சில வாரம் 10 டிகிரிக்குக் கீழான குளிரைக் கண்டுவிட்டால், வெயில் திரும்பியதும் பூக்காம்பை நீட்டும். தடுக்க வழியில்லை. மொட்டாக இருக்கும்போது ஒடித்து வதக்கினால் இளம் பிராக்கோலியின் ருசி.

விதை எடுப்பதானால் சுற்று வட்டாரத்தில், ஒரு கிலோமீட்டருக்குள், முட்டைக்கோஸ், கேல், பிராக்கோலி எதுவும் பூத்திருக்கக் கூடாது. ஒரே இனம் என்பதால் தேனீ எல்லாவற்றையும் கலந்துவிடும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி, ஆகவே ஒற்றைச் செடியில் காய் பிடிக்காது. 16ஐயும் விட்டுவைப்பது நல்லது. காய்கள் பழுப்பானதும், வெடிப்பதற்கு முன், கொத்தாக அறுத்துத் துணிப்பைக்குள் தொங்கவிடுங்கள்.

கருப்பு அழுகல் விதை வழியாகவும் வரும். விதைக்கும் பருவத்தில், தேவையான அளவை மட்டும் மெல்லிய துணியில் முடிந்து, 38 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம், பிறகு சரியாக 50 டிகிரியில் 20 நிமிடம், உடனே குளிர்ந்த நீர். 50ஐ விட இரண்டு டிகிரி ஏறினால் விதை சாகும், இறங்கினால் கிருமி பிழைக்கும். எனவே தெர்மாமீட்டரை எடுக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். இப்படி நேர்த்தி செய்த விதையைச் சேமிக்க முடியாது. காய்ந்ததும் அந்தப் பருவத்திலேயே விதைத்துவிடுங்கள்.